இருவருக்கான கரவன்: தெல்தோட்டை மலைப்பாதைக்கு ஏற்ற தெரிவு

கரவன் என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பிடம் ஆகியவற்றை ஒரே கூட்டினுள் அடக்கி, பயணிகள் போகும் இடமெல்லாம் தங்குமிடத்தையும் உடன்கொண்டு செல்ல உதவும் ஊர்தியாகும். அது இரு வகைப்படும். தனக்கென இயந்திரம் இல்லாமல் காரின் பின்னால் மாட்டி இழுக்கப்படுவது இழுவைக் கரவன் எனவும், வானொன்றின் உட்புறத்தை மாற்றியமைத்து ஓட்டுவதற்கும் உறங்குவதற்கும் அதையே பயன்படுத்துவது வான் கரவன் எனவும் இந்நூலில் குறிப்பிடப்படுகின்றன. உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கரவனாகக் கருதப்படும் ‘வொண்டரர்’, 1885இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவருக்காகச் செய்யப்பட்டு, குதிரைகளால் இழுக்கப்பட்டது. 1907இல் அந்நாட்டில் கரவன் கழகமும் தோன்றியது. பிற்காலத்தில் காரின் பின்னால் இழுக்கப்படும் கரவன் அங்கு பெருகுவதற்கு அகன்ற வீதிகளும், சமதரையில் அமைந்த நிறுத்துமிடங்களும் துணைசெய்தன. கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பாதையில் இவ்விரண்டையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இப்பகுதியைச் சுற்றிப்பார்க்கக் கரவன் தேடும் தம்பதியர் முதலில் பாதையின் அகலத்தையும், அடுத்துப் படுக்கையின் நீளத்தையும் அளந்துகொண்டு, ஏனைய வசதிகள் அனைத்தையும் அவ்விரண்டுக்கும் அடங்கியவையாகவே தெரிவுசெய்வது நல்லது.

பாதைக்கு அடங்கும் அளவு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்லும் கலஹா வீதி, ஹந்தானை மலைப்பக்கமாக ஏறத் தொடங்கியதும் வளைவுகள் நெருங்கிவிடுகின்றன. கலஹாவைத் தாண்டித் தெல்தோட்டை நகரை அடைந்தபின் தோட்டப் பாதைகள் பிரிகின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கையைத் தொடங்கிவைத்த லூல்கந்துர தோட்டம் இம்மலைகளிலேயே இருப்பதால், அதைக் காண வருவோர் இப்பாதைகளில் ஒன்றில் ஏறியே ஆகவேண்டும். ஒரு பக்கம் மழைநீர் ஓடும் கான், மறுபக்கம் பள்ளம், நடுவே கொழுந்து லொறி ஒன்று போகுமளவு இடம் என்பதே அங்கு வழமையான அமைப்பாகும். எதிரே பஸ்ஸோ லொறியோ வந்தால், சிறிய வாகனம் பின்னோக்கிச் சென்று மண்மேட்டோரம் உள்ள ஒதுக்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும். அவ்வேளையில் பின்சக்கரம் ஒரு சாண் தவறினாலும் கானுக்குள் இறங்கிவிடும். அதன்பின் பத்துப் பேர் தோள்கொடுத்தால்தான் வண்டி மேலேறும்.

இங்கிலாந்தில் இருவருக்கென விற்கப்படும் இழுவைக் கரவன் பொதுவாக 2.2 மீற்றரளவு அகலமும் ஒரு தொன்னைத் தாண்டிய நிறையும் கொண்டது. காரையும் சேர்த்தால் நீளம் 10 மீற்றரை எட்டும். பின்னோக்கிச் செலுத்தும்போது சாரதி திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கரவன் திரும்புவதாலும், இறக்கத்தில் அதன் பாரம் காரைப் பின்னாலிருந்து தள்ளுவதாலும், இத்தொடரைக் கொண்டையூசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுக்குவது கைதேர்ந்த சாரதிக்கும் ஆபத்தான வேலையாகும். இலண்டனிலோ டொரன்டோவிலோ இழுவைக் கரவனில் பழகி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் தம்பதியர் அதே வசதியை இங்கும் நாடுவது இயல்பானதே. எனினும் அந்த ஆசையை இம்மலையில் கைவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அயல்நாடான இந்தியாவின் மலைப்பாங்கான கேரள மாநிலம் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியது. 2021இல் அம்மாநிலம் அறிவித்த ‘கேரவன் கேரளா’ கொள்கையில் இருவருக்கு ஒன்று, நால்வருக்கு ஒன்று என இரு வகை ஊர்திகள் வகுக்கப்பட்டன. படுக்கையாக மாறும் சோபா, குளிர்சாதனப் பெட்டியுடன் கூடிய சிறு சமையலறை, கழிப்பறை, சாரதிக்கும் பயணிகளுக்கும் இடையே தடுப்பு ஆகியவை அவற்றில் இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. இவ்வூர்திகள் இரவில் நிற்பதற்கு நீர், மின்சாரம், கழிவகற்றல் என்பவற்றோடு கூடிய கரவன் பூங்காக்களும் அதே கொள்கையில் இடம்பெற்று, 2022இல் வாகமண் மலைப்பகுதியில் முதலாவது பூங்கா தொடங்கப்பட்டது. ஊர்தி பெரிதாயினும் அது நின்று இளைப்பாற ஓர் இடம் அங்கு உறுதிசெய்யப்படுகிறது. அத்தகைய ஏற்பாட்டை நம்பித் தெல்தோட்டைக்கு ஏற முடியாது. இங்கு ஊர்தி சிறியதாகவும், தன் நீரையும் மின்சாரத்தையும் கழிவையும் தானே தாங்குவதாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரு நிபந்தனைகளுக்கும் பொருந்தி வருவது, இலங்கை வீதிகளில் ஏற்கெனவே நன்கு பழகிய வான்களே. ‘கேடிஎச்’ என அழைக்கப்படும் டொயோட்டா ஹையேஸ் வானின் குறுகிய உடல் வகை 4.695 மீற்றர் நீளமும் 1.695 மீற்றர் அகலமும் கொண்டது. நிசான் நிறுவனம் ‘கரவன்’ என்ற பெயரிலேயே விற்கும் வானும் ஏறத்தாழ இதே அளவினது. ‘டொல்பின்’ என்று மக்கள் பெயரிட்ட முந்தைய தலைமுறை ஹையேஸ் வயதானதாயினும், உதிரிப்பாகங்கள் கிடைப்பதாலும் ஊர்ப் பட்டறையிலேயே திருத்த முடிவதாலும் இன்றும் மதிப்பிழக்கவில்லை. 5.38 மீற்றர் நீளமும் 1.88 மீற்றர் அகலமும் கொண்ட பெரிய ஹையேஸ், உள்ளே நின்று நடமாட ஆசைப்படுவோரை ஈர்க்கும். கண்டி, நுவரெலியா போன்ற இடங்களின் பிரதான வீதிகளுக்கு அது தகுமாயினும், தோட்டப் பாதைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவிலும் அதன் நீளத்துக்கு விலைகொடுக்க நேரும். மறுமுனையில், 3.4 மீற்றருக்குள் அடங்கும் சுசுகி எவ்ரி போன்ற 660 சிசி வான்கள் எந்த ஒழுங்கையிலும் புகுந்து வெளிவரும்; ஆனால் இருவர் படுத்தபின் அவற்றில் வேறொன்றுக்கும் இடமில்லை. ஓரிரவுப் பயணத்துக்கு அது போதும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாவுக்குக் குறுகிய உடல் ஹையேஸ் அளவிலான வானே ஏற்றதாகும்.

படுக்கை

கரவனின் சுகத்தில் பெரும்பகுதி படுக்கையைச் சார்ந்தது. பொருள் ஏற்றும் வகை ஹையேஸில் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 3 மீற்றர் நீளமான தளம் உண்டு. உள்ளகலம் ஒன்றரை மீற்றரளவு இருந்தாலும், சுவர்களுக்கு வெப்பக்காப்பு இட்டு மரத்தகடு பொருத்தியபின் அதுவும் சில அங்குலம் குறையும். குறுக்குவாட்டில் படுக்கை அமைத்தால் இடம் மிஞ்சும் என்று தச்சர்கள் சொல்வதுண்டு. சராசரி உயரமுள்ளவர்கூட அதில் முழங்காலை மடக்கியே படுக்க வேண்டியிருப்பதால், இரண்டாம் இரவிலேயே அந்தச் சிக்கனம் கசந்துவிடும். நீளவாட்டில் 190 சென்ரிமீற்றர் நீளமும் 120 முதல் 130 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட படுக்கையை அமைத்தால், முன்புறம் 110 சென்ரிமீற்றரளவு எஞ்சும். அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் சிறு கழிப்பிடத்துக்கும் அது போதுமானது.

நிலையான படுக்கையா, பகலில் இருக்கையாக மடியும் படுக்கையா என்ற கேள்விக்கான விடை தம்பதியரின் வயதையும் பழக்கத்தையும் பொறுத்தது. மடியும் படுக்கை பகலில் இடம் தரும். ஆயினும் ஒவ்வொரு மாலையும் பலகைகளைப் பொருத்தி மெத்தைத் துண்டுகளை அடுக்க வேண்டியிருப்பதோடு, துண்டுகளுக்கிடையிலான பொருத்துகள் முதுகை உறுத்தும். மழை நாளில் ஒருவர் உறங்க மற்றவர் தேநீர் வைக்க விரும்பினால், மடியும் படுக்கை இருவரையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஓய்வுபெற்ற தம்பதியருக்கு நிலையான படுக்கையையே இந்நூல் பரிந்துரைக்கிறது. அதன் மேற்பரப்பு தளத்திலிருந்து 50 சென்ரிமீற்றரளவு உயர்ந்திருந்தால், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து எழ முழங்கால் நோகாது, கீழே உடைப்பெட்டிகளும் அடங்கும். நள்ளிரவில் எழுபவர் மற்றவரைத் தாண்டாமல் இறங்க வழி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இக்குறை தெரிவதில்லை. இருவரும் வானினுள் படுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஈரம்

மலைநாட்டில் கரவனுக்குப் பெரும் எதிரி குளிரன்று, ஈரமே. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், கண்டி நகரில் போர்வை தேடாதவர் தெல்தோட்டைக்கு மேலுள்ள மலைகளில் நிச்சயம் தேடுவார். ஆயினும் நல்ல கம்பளி ஒன்றே அதற்குப் போதும், சூடாக்கி தேவையில்லை. இருவர் இரவு முழுவதும் மூடிய வானினுள் மூச்சுவிடும்போது வெளியேறும் நீராவி, வெளிக்காற்றால் குளிர்ந்த உலோகத் தகட்டில் பட்டு நீர்த்துளியாக மாறுவது ஒடுக்கம் எனப்படும். காப்பிடப்படாத வானில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், கூரையின் குறுக்குச் சட்டங்களில் துளிகள் வரிசையாகக் கோத்து நிற்பதையும், அவற்றில் கனத்தவை சட்டத்தின் வழியே ஊர்ந்து வந்து மெத்தையின் கால்மாட்டில் சொட்டுவதையும் காணலாம். சில வாரங்களில் அதே இடத்தில் பூஞ்சணம் பிடித்து, எத்தனை முறை கழுவினாலும் நீங்காத வாடை குடியேறும்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். கூரையிலும் சுவரிலும் உலோகத்தோடு ஒட்டியபடி காப்புப் படலம் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ரெஜிபோம் தகடுகளை இடைவெளி விட்டுச் செருகினால் இடைவெளியிலேயே நீர் கோக்கும் என்பதால், முழுமையாக ஒட்டக்கூடிய நுரைத்தாள் மேலானது. அடுத்ததாக, கூரையில் காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறியும், தாழ்வான ஓரிடத்தில் வலையிட்ட காற்றுத் துளையும் இருந்தால், மழையிலும் கண்ணாடிகளைத் திறக்காமல் உட்காற்று மாறிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்கள் அமைய வேண்டும். அலுமாரிகளுக்கு எம்.டி.எப். பலகையைத் தவிர்த்து, நீர்தாங்கும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவது அவசியம், எம்.டி.எப். பாரமானது, ஈரத்தில் ஊதி உதிர்வது. ஜன்னல்களுக்கு நுளம்பு வலையும், நுழைவாயிலில் ஈரச் செருப்பைக் கழற்றி வைத்து, காலில் ஏறிய அட்டைகளை உள்ளே கொண்டுவராமல் தட்டிவிட ஒரு தட்டும் இருந்தால், அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை மழையிலும் படுக்கை உலர்ந்தே இருக்கும்.

மின்சாரமும் நீரும் அடுப்பும்

வசதிகள் நிறைந்த கரவன் என்று விற்பனையாளர் காட்டும்போது, ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. வாகனத்தை இயக்கும் பற்றரிக்குப் புறம்பாக, உள் வசதிகளுக்கென வைக்கப்படும் இரண்டாவது பற்றரி வீட்டுப் பற்றரி எனப்படும். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டது 1,200 வாற்று-மணி ஆற்றலைத் தாங்கும். ஆனால் ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் அதன் ஆயுள் குன்றும் என்பதால், கைக்கு வருவது 600 மட்டுமே. சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 500, விசிறிக்கு 150, விளக்குகளுக்கும் தொலைபேசிகளுக்கும் 100 எனக் கொண்டால், தேவை 750ஐத் தொட்டுவிடும். 200 வாற்றுச் சூரியத் தகடு நல்ல வெயிலில் அதில் பெரும்பங்கை ஈடுசெய்யும். பனிமூட்டம் மலையை விட்டு விலகாத நாளில் அது பெயருக்கே வேலைசெய்யும். ஆகவே, ஓடும்போது இயந்திரத்திலிருந்து வீட்டுப் பற்றரிக்கு மின்னேற்றும் கருவி மலைநாட்டுக் கரவனுக்கு இன்றியமையாதது. லிதியம் இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரி விலை கூடியதாயினும், பாரம் குறைந்ததும் பெரும்பகுதியைப் பயன்படுத்தக்கூடியதுமாகும். மின்கேத்தல், ரைஸ் குக்கர், நுண்ணலை அடுப்பு ஆகியவற்றை இப்பற்றரியில் இயக்க எண்ண வேண்டாம். விளம்பரங்களில் முதலிடம் பெறும் தொலைக்காட்சித் திரைக்குச் செலவிடும் பணத்தை இந்த மின்னேற்றிக்குச் செலவிட்டவர் பின்னர் வருந்தமாட்டார்.

சமையலுக்குச் சமையல் எரிவாயுவே வசதியானது. லிட்ரோவின் 2.3 கிலோகிராம் சிலிண்டர் இருவரின் தேவைக்கு அளவானது. இலங்கையில் 2021இன் இறுதி மாதங்களில் வீட்டு எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்து நிகழ்ந்தமை மக்கள் மனதில் இன்னும் இருக்கிறது. வீட்டைவிடப் பல மடங்கு சிறிய கூட்டினுள் அதே எரிவாயுவை வைக்கும்போது கவனம் பன்மடங்காக வேண்டும். இவ்வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தளத்தில் படியும். எனவே சிலிண்டர் வைக்கும் பெட்டி, படுக்கைப் பகுதியிலிருந்து முற்றாக அடைக்கப்பட்டு, அதன் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளையுடன் இருக்க வேண்டும், எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள குழாயும் ரெகுலேட்டரும் மட்டுமே பொருத்தப்பட வேண்டும். குளிர்காய அடுப்பை ஏற்றிவைத்து உறங்குவது கார்பன் மொனொக்சைட் நஞ்சால் உயிரைப் பறிக்கும்.

நீரைப் பொறுத்தவரை, குளியலைத் தவிர்த்து இருவருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லீற்றர் போதும். 60 லீற்றர்த் தொட்டி மூன்று நாள் தாங்கும். நீர் நிறைந்த அத்தொட்டி 60 கிலோகிராம் என்பதால், அதைப் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்பாகத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். பயன்படுத்திய கழிவுநீருக்கும் அதே கொள்ளளவில் வேறொரு தொட்டி வேண்டும். இது பலரும் அலட்சியம் செய்யும் விடயம். தோட்டங்களில் லயங்களில் வாழும் குடும்பங்கள் மலையூற்றிலிருந்து வரும் பீலியிலேயே குடிநீர் பிடிக்கின்றன. மேலே நிற்கும் கரவனிலிருந்து கானில் விடப்படும் சவர்க்கார நீர் கீழேயுள்ள பீலியைச் சென்றடையலாம். பயணிக்கு அது ஒரு வாளித் தண்ணீர், கீழே இருப்பவருக்கோ அன்றைய குடிநீர்.

கழிப்பிடத்துக்கும் இதே பொறுப்பு உண்டு. ஏறத்தாழ 20 லீற்றர்க் கழிவுப் பெட்டியோடு கழற்றி எடுக்கக்கூடிய கழிப்பிடம் இருவருக்கு இரண்டு, மூன்று நாட்கள் போதும். அதை முறையான மலகூடக் குழியில் மட்டுமே கொட்ட வேண்டும். இடம் போதாது என்று கழிப்பிடத்தைக் கைவிட்டு, காட்டுப்பன்றியும் சில இடங்களில் சிறுத்தையும் நடமாடும் தேயிலைச் சரிவில் இரவில் இறங்கத் துணிவது, குறிப்பாகப் பெண்களுக்கு, சுற்றுலாவின் மகிழ்ச்சியையே கெடுத்துவிடும். திரைச்சீலை ஒன்றால் மறைக்கப்பட்ட ஒடுங்கிய மூலையாயினும் கழிப்பிடம் வண்டிக்குள் இருக்கட்டும்.

இரவில் நிற்கும் இடம்

தோட்டப் பாதைகள் பொதுவழி போலத் தோன்றினும் அவை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளவை; தொழிற்சாலை முற்றத்திலோ மலையுச்சியிலோ இரவு தங்குவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்பதும், வாச்சருக்குச் சொல்லிவைப்பதும் முறையாகும். நிற்கும் தரை சமமாக இருக்கிறதா என்பதைவிட, மேலேயுள்ள சரிவு உறுதியானதா என்பதே முதலிற் பார்க்கத்தக்கது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் எச்சரிக்கிறது. வெட்டப்பட்ட மண்சுவரின் கீழும் ஓடைக்கரையிலும் கரவனை நிறுத்தக் கூடாது. மழை வலுத்தால், சாய்ந்த படுக்கையில் ஓரிரவு அசௌகரியமாகக் கழிப்பினும் நகரின் திறந்த இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் ஒப்பீட்டளவில் வறண்டது. முதன்முறை கரவனில் வருவோர் அதையே தெரிவுசெய்யலாம்.

வாங்குமுன்

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வான்களின் விலை ஏறியதால், தேய்ந்த இயந்திரத்தின்மேல் புதிய மரவேலை செய்து கரவன் என்ற பெயரில் கூடிய விலைக்கு விற்பதற்கு இடமுண்டு. ஆகவே, உள்ளலங்காரத்தைப் பார்க்குமுன் கீழ்த்தளத்தின் துருவையும், பதிவுப் புத்தகத்திலுள்ள எண்களையும் ஒப்பிட வேண்டும். இருக்கைகளை நீக்கியோ கூரையை உயர்த்தியோ செய்த மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் உண்டா, காப்புறுதி நிறுவனத்துக்கு அம்மாற்றங்கள் அறிவிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு உள்நாட்டு அங்கீகாரத்தையும் பெற்றே ஓட்டலாம்.

கையொப்பமிடுமுன் அந்த வானை ஓரிரவு வாடகைக்குப் பெற்று, நீர்த்தொட்டி நிறைந்த நிலையில் பேராதனையிலிருந்து தெல்தோட்டைக்கு ஏறி உறங்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. எரிவாயுப் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகிறதா என்று முதலில் பார்க்கலாம். காலையில் மெத்தையைத் தூக்கி அடிப்புறத்தைத் தடவினால் காற்றோட்டத்தின் தரம் விளங்கும். மின்னேற்றத்துக்கு முன், சாதனங்களை நிறுத்திச் சற்று நேரம் கழித்து அளந்தால், ஈய-அமிலப் பற்றரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. திரும்பும்போது இறக்கம் முழுவதையும் தாழ்ந்த கியரில், பிரேக்கை இடைவிடாமல் மிதிக்காமல் இறங்க வேண்டும். பேராதனையை அடைந்ததும் ஒரே அச்சின் இரு பக்கச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்று, தொடாமலே சூட்டை ஒப்பிட வேண்டும்; ஒன்று மட்டும் கூடுதலாகக் கொதித்தால் அதன் பிரேக் சிக்கியிருக்கக் கூடும் எனக் கொண்டு, பட்டறையில் காட்டி, திருத்தும் செலவைக் கழித்த பின்னரே விலை பேசலாம்.